முதல் அடியும் கடைசி அடியும்: ஒரு பாட்டு எங்க தொடங்கி எங்க முடியுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, வாசிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க சொந்த ஊர் அவலூர்பேட்டை. செஞ்சிக் கோட்டைப் பக்கம். பொங்கலுக்குப் போயிருந்தப்போ பரண்ல இருந்து ஒரு பழைய கோடு போட்ட நோட்டு கிடைச்சுது. எங்க தாத்தாவோடது. அவர் சின்ன வயசுல தெருக்கூத்துல பின்பாட்டு பாடினவர். நோட்டு முழுக்க அவர் கையெழுத்துல கூத்துப் பாட்டு. திரௌபதி பாடுறது, துரியோதனன் பாடுறது, நடுநடுவுல விருத்தம், தரு, வசனம்.

பிரச்சினை என்னன்னா, நோட்டுக்கு அட்டை இல்ல. முன்னாடி சில பக்கம் இல்ல. பின்னாடியும் சில பக்கம் இல்ல. நடுவுல இருக்கிறது மட்டும் நல்லா இருக்கு.

நான் என்ன நினைச்சேன்? ‘பரவால்ல, முக்கியமானது இருக்கே’ன்னு. பக்கத்து ஊர்ல ஒரு வயசான கூத்து வாத்தியார் இருக்கார், அவர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் புரட்டினார், அப்புறம் என்னைப் பார்த்தார். “ஏம்பா, தலையும் இல்ல, காலும் இல்ல. இது யாருதுன்னு நான் எப்பிடி சொல்றது?”ன்னார்.

“எங்க தாத்தாவுதுங்க ஐயா”ன்னேன்.

“எழுதினது உங்க தாத்தன். கட்டினது யாரு?”

அந்தக் கேள்விதான் இந்த எபிசோடு.

ஹலோ வேர்ல்டு

புரோகிராமிங் கத்துக்கிற எல்லாரும் முதல்ல எழுதுற புரோகிராம் எது? ‘ஹலோ, வேர்ல்டு’. 1970-கள்ல பெல் லேப்ஸ்ல பிரையன் கெர்னிஹான் எழுதின பாடக்குறிப்புகள்ல இருந்து வந்த பழக்கம். 1978-ல அவரும் டென்னிஸ் ரிட்சியும் எழுதின சி மொழிப் புத்தகத்தால உலகம் பூரா பரவிடுச்சு. புது மொழி எதைத் தொட்டாலும் முதல்ல உலகத்துக்கு ஒரு வணக்கம்.

இப்போ இதைக் கேளுங்க. திருமுருகாற்றுப்படையோட முதல் சொல் ‘உலகம்’. கம்பராமாயணத்தோட முதல் சொல் ‘உலகம்’. பெரியபுராணம் ‘உலகெலாம்’னு ஆரம்பிக்குது. மணிமேகலையில பதிகம் முடிஞ்சு முதல் காதை தொடங்குற சொல்லும் ‘உலகம்’தான். நம்ம ஆளுங்க பல நூறு வருஷமா ஹலோ வேர்ல்டு எழுதிட்டு இருந்திருக்காங்க!

ஜோக் இல்லாம சொல்லணும்னா, இதுக்குப் பின்னாடி ஒரு விதி இருக்கு. பாட்டியல்னு ஒரு வகை இலக்கண நூல்கள் உண்டு. ஒரு நூலை எந்தச் சொல்லால தொடங்கலாம், எதால தொடங்கக் கூடாதுன்னு அதுல பட்டியலே இருக்கு. மங்கலச் சொல்னு பேரு. சீர், பொன், பூ, திரு, திங்கள், கடல், மலை, உலகு இந்த மாதிரி. சிலப்பதிகாரம் ‘திங்கள்’னு நிலாவை வாழ்த்தி ஆரம்பிக்கிறதையும் இந்த வரிசையில வெச்சுப் பார்க்கலாம்.

அதாவது முதல் சொல்ங்கிறது கவிஞரோட மூடு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்ல. அதுக்கு ஒரு ‘அனுமதிக்கப்பட்ட பட்டியல்’ இருந்துச்சு.

முதல் வரியிலேயே பிழையா?

முதல் அடியை எவ்வளவு சீரியஸா எடுத்துக்கிட்டாங்கன்னு காட்ட காஞ்சிபுரத்துல ஒரு கதை சொல்லுவாங்க. கதைதான், ஆனா நல்ல கதை.

கச்சியப்ப சிவாச்சாரியார் குமரகோட்டத்துல கந்தபுராணத்தை அரங்கேற்றுறார். முதல் அடியை முருகனே எடுத்துக் கொடுத்ததா நம்பிக்கை. அந்த அடியோட முதல் சொல் ‘திகடசக்கர’. சபையில ஒருத்தர் எழுந்து நிக்கிறார். “திகழ், தசம் ரெண்டும் சேர்ந்தா எப்படித் திகடசம் ஆகும்? எந்த இலக்கணத்துல இந்தப் புணர்ச்சி இருக்கு?” தொல்காப்பியத்துல தேடினா விதி இல்ல. கடவுள் கொடுத்த வரிங்கிறதுக்காக சபை விட்டுக் கொடுக்கல, பாருங்க. அரங்கேற்றம் அப்படியே நின்னு போச்சு.

மறுநாள் சோழ நாட்டுல இருந்து ஒரு புலவர் வர்றார். வீரசோழியத்தைத் திறந்து, ‘இதோ விதி’ன்னு காட்டுறார். வீரசோழியம் 11-ஆம் நூற்றாண்டுல புத்தமித்திரர் எழுதின இலக்கணம். சபை ஒத்துக்குது. வந்தது முருகனேதான்னு கதை முடியும்.

நான் இதை கோடு ரிவியூ மாதிரி பார்க்கிறேன். கடவுளே கமிட் பண்ணினாலும் டாக்குமென்டேஷன் காட்டினாத்தான் மெர்ஜ். அதுவும் பத்தாயிரம் பாட்டுக்கு மேல இருக்கிற நூல்ல, சண்டை வந்தது முதல் சொல்லுல.

காப்பும் கடைக்காப்பும்

எங்க ஊர்ப்பக்கம் திருவிழா ஆரம்பிச்சா முதல்ல காப்பு கட்டுவாங்க. காப்பு கட்டியாச்சுன்னா விழா முடியிற வரைக்கும் ஊரைத் தாண்டி ராத்தங்கக் கூடாதும்பாங்க. நூல்லயும் அதே சொல்தான். நூலுக்கு முன்னாடி வர்ற தெய்வ வணக்கப் பாட்டுக்குப் பேரு காப்பு. எடுத்த வேலை இடையில நிக்காம காப்பாத்தணும்னு வேண்டிக்கிறது.

முடிவுக்கும் ஒரு காப்பு உண்டு. ஞானசம்பந்தர் தேவாரத்தை எடுத்துக்கோங்க. அவரோட பதிகங்கள்ல ஒரு ஒழுங்கு இருக்கும். பெரும்பாலும் எட்டாவது பாட்டுல ராவணன் வருவான். ஒன்பதாவதுல அடிமுடி தேடின திருமாலும் பிரமனும். பத்தாவதுல சமணர், பௌத்தர். கடைசிப் பாட்டுல தன் பேரையும் சீர்காழிங்கிற தன் ஊரையும் சொல்லி, இதைப் பாடினா என்ன பலன்னு சொல்லி முடிப்பார். அதுக்குப் பேரு திருக்கடைக்காப்பு. கடைசியில இருக்கிற காப்பு.

ஆண்டாளும் திருப்பாவையோட முப்பதாவது பாட்டுல இதைத்தான் செய்றாங்க. கோதைன்னு தன் பேரையும், யாரோட மகள்னும் பாட்டுக்குள்ளேயே வெச்சுடுறாங்க. யோசிச்சுப் பாருங்க. அட்டையில பேர் போட்டா அட்டை கிழியும். பாட்டுக்குள்ள, எதுகை மோனைக்குள்ள பேரைக் கோத்துட்டா, அதை எடுக்கணும்னா பாட்டையே உடைக்கணும். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் மார்கழி மாசம் காலங்காத்தால அந்தப் பேர் ஸ்பீக்கர்ல கேக்குது.

சங்கப் பாட்டுல நிலைமை வேற. அங்க புலவர்கள் பொதுவா தன் பேரைப் பாட்டுக்குள்ள சொல்லிக்க மாட்டாங்க. பேரு பாட்டுக்கு வெளிய, அடிக்குறிப்புல நிக்கும். குறுந்தொகையில சில புலவர்களோட இயற்பெயர் என்னன்னே தெரியல. அதனால என்ன பண்ணாங்க? பாட்டுல இருக்கிற அழகான ஒரு தொடரையே புலவருக்குப் பேரா வெச்சாங்க. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், விட்டகுதிரையார், குப்பைக்கோழியார். கேக்க அழகா இருக்கு. ஆனா ஒவ்வொரு பேருக்குப் பின்னாடியும் தொலைஞ்சு போன ஒரு மனுஷப் பேர் இருக்கு.

அந்தாதி: முடிவே தொடக்கம்

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. அந்தம்னா முடிவு, ஆதின்னா தொடக்கம். ஒரு பாட்டு எந்தச் சொல்லுல முடியுதோ, அடுத்த பாட்டு அந்தச் சொல்லுல தொடங்கணும். நம்ம பாஷையில சொன்னா லிங்க்டு லிஸ்ட். ஒவ்வொரு பாட்டோட வாலுலயும் அடுத்த பாட்டோட முகவரி இருக்கு.

எங்க ஆயா புத்தகமே பார்க்காம அபிராமி அந்தாதி சொல்லுவாங்க. சின்ன வயசுல எனக்கு அது மேஜிக் மாதிரி இருக்கும். நூறு பாட்டு, எப்படி வரிசை மாறாம வருது? இப்போதான் புரியுது. அடுத்தது என்னன்னு தனியா ஞாபகம் வெச்சுக்க வேண்டியதே இல்ல. வாயில இருக்கிற கடைசிச் சொல்லே அடுத்ததை இழுத்துட்டு வந்துடும்.

அபிராமி அந்தாதியோட முதல் சொல் ‘உதிக்கின்ற’. நூறாவது பாட்டு முடியிறதும் அதே சொல்லுல. கடைசி முடிச்சு திரும்ப முதல் முடிச்சோட சேருது. இதுக்கு இலக்கணத்துல மண்டலித்தல்னு பேரு. சர்க்குலர் லிங்க்டு லிஸ்ட்! நம்மாழ்வாரோட திருவாய்மொழி 1102 பாட்டு, முழுக்க அந்தாதி. ‘உயர்’னு தொடங்கி, ஆயிரத்தைத் தாண்டிப் போய், திரும்ப ‘உயர்’ங்கிற அந்தச் சொல்லுக்கே வந்து சேருது.

இது வெறும் அலங்காரம் இல்ல. ஓலைச்சுவடியை நினைச்சுப் பாருங்க. கயிறு அறுந்தா ஓலை கலைஞ்சுடும். அந்தாதியா இருந்தா திரும்ப அடுக்கிடலாம். நடுவுல ஒரு ஓலை காணாம போனா, ‘இங்க ஒண்ணு இல்ல’ன்னு பாட்டே சொல்லிடும். முடிவு தொடக்கத்தோட சேரலைன்னா, கடைசி ஓலை போயிடுச்சுன்னு தெரிஞ்சுடும். டேட்டா முழுசா வந்துச்சான்னு பார்க்க நாம செக்சம் போடுறோம் இல்லையா, கிட்டத்தட்ட அந்த வேலை.

திருக்குறள்லயும் இப்படி ஒரு விஷயத்தைப் பெரியவங்க சுட்டிக் காட்டுவாங்க. முதல் குறள் ‘அ’ங்கிற எழுத்துல தொடங்குது. 1330-ஆவது குறள் ‘ன்’ங்கிற எழுத்துல முடியுது. ‘அதுல என்ன?’ன்னு கேப்பீங்க. தமிழ் நெடுங்கணக்குல முதல் எழுத்து ‘அ’, கடைசி எழுத்து ‘ன்’. முப்பது எழுத்துன்னு தொல்காப்பியம் சொல்ற வரிசையும் இதுதான். முழு மொழியையும் ஒரு சுத்து சுத்தி முடிச்ச மாதிரி. வேணும்னே பண்ணினதா, தற்செயலான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

இங்கிலாந்துல ஒரு அந்தாதி

‘இதெல்லாம் நம்ம ஊர்ல மட்டும்தானா?’ன்னு தேடினப்போ பழைய ஆங்கிலக் கவிதை ஒண்ணு மாட்டுச்சு. பேரு ‘பேர்ல்’, முத்து. 14-ஆம் நூற்றாண்டோட கடைசியில எழுதினது. 101 பத்தி, பத்திக்கு 12 அடி, மொத்தம் 1212 அடி. ஒரு பத்தியோட கடைசி அடியில வர்ற சொல் அடுத்த பத்தியோட முதல் அடியில திரும்ப வருது. அது மட்டும் இல்ல, கவிதையோட கடைசி அடி முதல் அடியோட சொற்களை எதிரொலிக்குது. அப்படியே மண்டலிக்குது!

கவிதை எதைப் பத்தி தெரியுமா? ஒருத்தர் தன்னோட முத்தைத் தொலைச்சுட்டார். படிக்கப் படிக்கத்தான் தெரியும், அது இறந்து போன சின்னக் குழந்தை, அவரோட மகள்னுதான் பெரும்பாலானவங்க படிக்கிறாங்க. கனவுல அவளை ஆத்துக்கு அந்தப் பக்கம் பார்க்கிறார். துக்கம் எங்க ஆரம்பிச்சதோ அங்கேயே வந்து நிக்கும் இல்லையா? அந்த உருவம் இந்தக் கவிதைக்கு அவ்வளவு பொருந்துது.

இதை எழுதினது யாரு? தெரியாது. பாட்டு முழுசா இருக்கு. முதல் அடி இருக்கு, கடைசி அடி இருக்கு. பேர் மட்டும் இல்ல. இந்த மனுஷருக்கு ஒரு திருக்கடைக்காப்பு பாடத் தோணியிருந்தா!

பேர்ல் கவிதைக்கு இருக்கிறது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. சர் ராபர்ட் காட்டன்ங்கிறவர் சேர்த்து வெச்ச நூலகத்துல இருந்தது. 1731-ல அந்த நூலகம் இருந்த கட்டடத்துல தீப்பிடிச்சுது. பேர்ல் தப்பிச்சுது. அதே நூலகத்துல இருந்த ‘பியோவுல்ஃப்’ பழைய ஆங்கிலத்தோட பெரிய வீரகாவியம், 3182 அடி. அதுக்கும் ஒரே பிரதிதான். அது தப்பிச்சாலும் ஓரமெல்லாம் கருகிப் போச்சு. அப்புறம் புரட்டப் புரட்ட ஓரம் உதிர ஆரம்பிச்சு, எழுத்து எழுத்தா போச்சு. 1780-கள்ல தோர்கெலின்னு ஐஸ்லாந்துல பிறந்த ஒரு அறிஞர் வந்து படி எடுத்து வெச்சதால, பின்னாடி உதிர்ந்த பல எழுத்துக்களை இன்னிக்கு நிரப்ப முடியுது.

பியோவுல்ஃபோட முதல் சொல்லை ‘கேளுங்க!’ங்கிற அர்த்தத்துல மொழிபெயர்க்கிறது வழக்கம். கூட்டத்தை அமைதிப்படுத்துற குரல். நம்ம கூத்துல கட்டியங்காரன் வந்து நின்னு பேச ஆரம்பிக்கிற மாதிரியே இல்ல?

ஓரம்தான் முதல்ல போகும்

இங்கதான் வாத்தியாரோட கேள்விக்கு வர்றோம். ஓலைக்கட்டோ, நோட்டோ, புத்தகமோ, எதுவா இருந்தாலும் முதல்ல அடிபடுறது வெளி ஏடு. கை படுறது அங்க, ஈரம் படுறது அங்க, கரையான் நுழையிறது அங்க. சுவடிக்கு மேலயும் கீழயும் மரச்சட்டம் வெச்சுக் கட்டுறதே அதனாலதான். ஆனா நாம விவரம் எல்லாத்தையும் எங்க எழுதுறோம்? பேரு, தேதி, யாருக்காக, யார்கிட்ட இருந்து படி எடுத்தது, எல்லாமே முதல் ஏட்டுலயும் கடைசி ஏட்டுலயும்தான்.

இதுக்கு நம்ம கிட்ட இருக்கிற பெரிய உதாரணம் பதிற்றுப்பத்து. சேர அரசர்களைப் பத்திப் பத்துப் பத்துப் பாட்டா பாடின பத்து பத்துகள், மொத்தம் நூறு. உ.வே.சாமிநாதையர் 1904-ல பதிப்பிச்சார். கிடைச்சது எண்பது பாட்டு. கிடைக்காதது எது? முதல் பத்தும் கடைசிப் பத்தும். எங்க தாத்தா நோட்டு மாதிரியே, தலையும் இல்ல, காலும் இல்ல.

ஒவ்வொரு பத்துக்கும் கடைசியில பதிகம்னு ஒண்ணு இருக்கும். யார் பாடினது, எந்தச் சேரனைப் பாடினது, என்ன பரிசு வாங்கினார்னு அதுல இருக்கும். முதல் பத்தும் பத்தாம் பத்தும் போனப்போ அந்த விவரமும் சேர்ந்து போச்சு. பழைய உரைகள்ல மேற்கோளா வந்த சில பாட்டு மட்டும் மிச்சம். இதுல இன்னொரு விஷயம், நாலாம் பத்து அந்தாதி. பத்துப் பாட்டும் ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கு. சங்ககாலத்துலயே இந்த உத்தி இருந்திருக்கு.

அந்தப் பத்துகள் சும்மா ஓரத்துல இருந்ததாலதான் போச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நூறுல இருபது போகும்போது அது சரியா ரெண்டு ஓரமா இருக்கிறதைப் பார்த்தா, மனசு அங்கதான் போகுது.

இன்னும் ஒருத்தர் இருக்கார். பாரதம் பாடிய பெருந்தேவனார். நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, அகநானூறு, புறநானூறு, அஞ்சுக்கும் முன்னாடி நிக்கிற கடவுள் வாழ்த்து அவர் பாடினது. அஞ்சு நூலுக்கு வாசல் கட்டினவர். ஆனா எந்தப் பாரதத்தைப் பாடினதால அவருக்கு அந்தப் பேர் வந்துச்சோ, அந்த நூல் முழுசா நமக்குக் கிடைக்கல.

நம்ம காலத்துலயும் இது நடக்குது. போன்ல வீடியோ எடுத்துட்டு இருக்கும்போது பேட்டரி செத்துப் போய், அப்புறம் அந்த ஃபைல் திறக்காம போயிருக்கா? பல எம்பி4 பதிவுகள்ல எந்த ஃபிரேம் எங்க இருக்குங்கிற அட்டவணை கடைசியிலதான் எழுதப்படும். படம் எல்லாம் உள்ளதான் இருக்கும். ஆனா அந்தக் கடைசித் துண்டு எழுதப்படலைன்னா பிளேயருக்கு எதுவும் புரியாது. ‘முக்கியமானது நடுவுலதானே’ங்கிற என்னோட நினைப்பு அங்கேயே அடிபட்டுடுது.

நோட்டுக்கு என்ன ஆச்சு?

கூத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு. முதல்ல களரி கட்டுவாங்க, மத்தளமும் முகவீணையும் சேர்ந்து ஊரையே எழுப்பும். அப்புறம் தெய்வ வணக்கம். அப்புறம் கட்டியங்காரன். ஒவ்வொரு வேஷமும் திரைக்குப் பின்னால இருந்து விருத்தம் பாடிட்டுத்தான் வெளிய வரும். விடியும்போது மங்களம் பாடி முடிப்பாங்க. செஞ்சிக்குப் பக்கத்துல மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலைத்தான் இந்தப் பாரத வழிபாட்டோட ஆதி இடமா இந்தப் பக்கம் சொல்லுவாங்க. ஆல்ஃப் ஹில்டபைட்டல்ங்கிற அமெரிக்க ஆய்வாளர் 1988-ல எழுதின திரௌபதி வழிபாடு பத்தின புத்தகத்துக்கே, செஞ்சியில இருந்து குருக்ஷேத்திரம் வரைக்கும்ங்கிற மாதிரிதான் துணைத்தலைப்பு.

நாம இன்னிக்கு ரீல்ஸ்ல பார்க்கிறது என்ன? துச்சாதனன் துகிலுரியிற முப்பது செகண்ட். நடு மட்டும். முதலும் முடிவும் யாரும் எடுக்கிறதில்ல, நானும் எடுத்ததில்ல.

வாத்தியார் வீட்டுல அன்னைக்கு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நான் நடுவுல இருந்து ஒரு விருத்தத்தைப் படிச்சேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். திடீர்னு, “இரு, இந்த ஆட்டத்துக்குக் காப்பு எனக்குத் தெரியும்”னு சொல்லிட்டு, உடைஞ்ச குரல்ல பிள்ளையார் மேல ஒரு விருத்தம் பாடினார். அப்புறம் அதுக்கு அடுத்தது. அதுக்கு அடுத்தது. போன பக்கங்கள் அவர் தொண்டையில இருந்துச்சு. போன்ல பதிவு பண்ணிட்டேன். பேட்டரி பார்த்துக்கிட்டேதான்!

“கடைசி ஏடு, ஐயா?”ன்னு கேட்டேன்.

“மங்களம் தெரியும். எல்லாத்துக்கும் அதே மங்களந்தான். ஆனா அதுக்கு அப்புறம், இன்னார் கட்டினது, இன்னார் படி எடுத்ததுன்னு போட்டிருப்பான். அதை யாரும் பாடறதில்லையே. பாடாதது எப்பிடி ஞாபகம் இருக்கும்?”

முதல் பக்கம் திரும்பக் கிடைச்சுது, ஏன்னா அது பாட்டு. கடைசிப் பக்கம் கிடைக்கல, ஏன்னா அது வெறும் தகவல். சம்பந்தருக்கும் ஆண்டாளுக்கும் தெரிஞ்சிருந்த விஷயம் இதுதான்னு எனக்கு அந்தத் திண்ணையிலதான் உறைச்சுது. எங்க தாத்தா வருஷக்கணக்கா பாடின பாட்டைக் கட்டினவர் பேரு எனக்குத் தெரியாது. இனிமே தெரியவும் வழியில்ல.

அதனால இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வேலை. வீட்டுல ஆயாவோ, பாட்டியோ, தாத்தாவோ ஒரு தாலாட்டு, ஒரு ஒப்பாரி, ஒரு கூத்துப் பாட்டு, ஒரு கும்மி பாடுவாங்கன்னா, அதைப் பதிவு பண்ணுங்க. ரெக்கார்டை அமுக்கினதும், அவங்க பேரு, ஊரு, தேதி, இதை யார்கிட்ட கத்துக்கிட்டாங்கன்னு அவங்க குரல்லயே சொல்லச் சொல்லுங்க. பாட்டு முடிஞ்சதும் அதையே இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க. ஃபைல் பேரை மட்டும் நம்பாதீங்க. ஃபைல் பேரும் ஒரு அட்டைதான், கிழிஞ்சுடும்.

புது நோட்டு ஒண்ணு வாங்கி, தாத்தாவோட பாட்டை நான் படி எடுக்க ஆரம்பிச்சிருக்கேன். முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி, அப்புறம் வாத்தியார் பாடின காப்பு, அவர் பேரோட. கடைசிப் பக்கத்துல தாத்தா பேரு, என் பேரு, தேதி எல்லாம் எழுதிட்டேன். ‘கட்டினவர்’னு எழுதி, அதுக்கு நேரா ஒரு கோடு இடம் விட்டு வெச்சிருக்கேன்.

அடுத்த வாரம் பார்ப்போம்.